மைக்கைப் பிடிக்கும் முன்: ஸ்டாண்ட்-அப் காமெடி குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்டாண்ட்-அப் காமெடி செய்ய வேண்டும் என்று மனசுக்குள் ஆசை வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஐடி கம்பெனியில், வங்கிக் கவுன்டரில், பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் என எங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கலாம் என்ற ‘ஓப்பன் மைக்’ மேடைக்குக்கூடப் பெயர் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களிலும் பலர் ஒரே இரவோடு நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கலையைப் பற்றி அவர்கள் காதில் விழுந்திருக்கும் தவறான பேச்சுகள்தான் காலை வாரிவிடுகின்றன.

நம்பிக்கை: நண்பர்களைச் சிரிக்க வைப்பவர் மேடையிலும் சிரிக்க வைத்துவிடுவார்.

நண்பர்கள் மத்தியில் பாதி வேலையை நட்பே செய்துவிடுகிறது. உங்கள் ஹாஸ்டல் வார்டன் எப்படி நடப்பார், எப்படி இருமுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ உங்கள் பெயர்கூடத் தெரியாது. அந்த வார்டனை இரண்டே வரியில் அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் சிரிப்பை எதிர்பார்க்க முடியும். இது தனி வித்தை. பழகித்தான் வரும்.

ஜெர்ரி சைன்ஃபெல்டைவிடப் பெரிய பெயர் இந்தத் துறையில் அதிகம் இல்லை. 1976-ல் நியூயார்க்கின் ‘கேட்ச் எ ரைசிங் ஸ்டார்’ கிளப்பில் அவர் முதன்முதலாக மேடையேறியபோது, தயார் செய்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோனது. பேச இருந்த தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு இறங்கினார். புதியவருக்கு இது நடப்பதுதான். ஆனால் 1998-ல், உலகமே அவரை அறிந்த பிறகு, பழைய ஜோக்குகளை எல்லாம் கடைசியாக ஒருமுறை மேடையில் சொல்லி முடித்து மூட்டை கட்டி வைத்தார். பிறகு சின்னச் சின்ன கிளப்புகளுக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். 2002-ல் வந்த ‘காமெடியன்’ என்ற ஆவணப்படம் அந்த நாட்களைக் காட்டுகிறது. அத்தனை அனுபவம் உள்ளவர் அடுத்த வரி மறந்து மேடையில் தடுமாறுகிறார். ஆரம்பிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய படம் அது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் மார்ட்டின் தன் சுயசரிதையில் கொடுக்கும் கணக்கும் இதையே சொல்கிறது: 18 வருட மேடை வாழ்க்கையில் கற்றுக்கொள்ள 10 வருடம், மெருகேற்ற 4 வருடம், பெரும் வெற்றி கடைசி 4 வருடம்.

நம்பிக்கை: ஜோக்கை எழுதி வைத்துப் பேசினால் செயற்கையாகிவிடும். மேடையில் அப்படியே வர வேண்டும்.

நான் கேட்டதிலேயே அதிகமான பேரைக் கெடுத்த நம்பிக்கை இதுதான். மேடையில் ‘அப்படியே வருவது’ போலத் தெரிவதெல்லாம் எழுதி, சொல்லிப் பார்த்து, வெட்டி, மறுபடி சொல்லிப் பார்த்தது. அந்த இயல்புதான் உழைப்பின் பலன்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வேலையை விட்ட ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“நான் ஒரு ஐடி கம்பெனியில நாலு வருஷமா வேலை பார்த்துட்டு இருந்தேன். மேனேஜர் சரியில்ல. அதனால போன மாசம் ரிசைன் பண்ணிட்டேன். அதை வீட்ல சொன்னப்போ எங்க அப்பா ஏசி ரிமோட்டை எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிட்டார், ஏன்னா இனிமே கரண்ட் பில் யார் கட்டுவாங்கன்னு அவருக்குக் கவலை.”

இதில் ஒரு ஜோக் இருக்கிறது, ஆனால் அது புதைந்து கிடக்கிறது. நாலு வருடம் தேவையில்லை. மேனேஜர் தேவையில்லை. கரண்ட் பில் விளக்கம் கட்டாயம் வேண்டாம். அதைப் பார்வையாளர் தானே கண்டுபிடிக்கும் நொடியில்தான் சிரிப்பு பிறக்கிறது. வெட்டிய பிறகு:

“வேலையை விட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. எழுந்து போனார். ஏசி ரிமோட்டை எடுத்தார். பீரோல வெச்சுப் பூட்டினார்.”

‘திட்டல’ என்றதும் கேட்பவருக்கு அப்பா மேல் ஒரு மரியாதை வருகிறது. ‘எழுந்து போனார்’ என்றதும் மனசு உடைந்துவிட்டாரோ என்ற கவலை. பூட்டு விழும் இடத்தில் இரண்டும் கவிழ்கின்றன. இப்போது அதே சிரிப்பின் மேல் இன்னொன்றை ஏற்றலாம். மேடைக்காரர்கள் இதை ‘டேக்’ என்பார்கள். “அம்மா பாவம், அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: ‘ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்ட முடியுமாங்க?’”

இதையே “‘ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்ட முடியுமாங்க’ன்னு அம்மா அப்பாகிட்ட கேட்டாங்க” என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு கிளம்பும் நேரத்தில் இன்னும் மூன்று வார்த்தைகள் பாக்கி இருக்கின்றன. கூட்டம் அதைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொள்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் ‘என்று சொன்னார்’, ‘என்று கேட்டார்’ எல்லாம் சிரிப்பின் தலையிலேயே வந்து உட்காரும். யார் சொன்னார் என்பதை முன்னால் சொல்லிவிட்டு, வெடிக்க வேண்டியதைக் கடைசியில் வைப்பது தமிழில் எழுதுகிறவர் முதலில் பழக வேண்டிய பாடம். ஆங்கிலத்தில் வந்த காமெடிப் புத்தகங்களில் இது கிடைக்காது. நம் பாட்டிமார் கதை சொல்வதைக் கவனித்தால் கிடைக்கும்.

எழுதுவது புதியவர் வேலை மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் தன் ஜோக்குகளை அட்டைகளில் தட்டச்சு செய்து, தலைப்பு வாரியாக ஓர் இரும்பு கேபினட்டில் அடுக்கி வைத்திருந்தார். மொத்தம் 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள். இன்று அந்த கேபினட் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

நம்பிக்கை: யாரும் சிரிக்கவில்லை என்றால் கூட்டம் சரியில்லை, அல்லது நான் இதற்கு லாயக்கில்லை.

இரண்டுமே அவசர முடிவு. ஓப்பன் மைக் என்பதே சோதித்துப் பார்க்கும் இடம். பெயர் கொடுத்தவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கும். நேரம் முடியப்போகிறது என்றால் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டுவார்கள். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற பேச்சாளர்கள். அவர்கள் மனசுக்குள் தங்கள் வரிகளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த அறையில் சிரிப்பு கஞ்சத்தனமாகத்தான் வரும்.

ஆகவே போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்பது கசக்கும், ஆனால் அதுதான் பாடம். ஜோக்கின் முகப்பு புரியாமல் அமைதியா, பஞ்ச் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் அமைதியா, வேகமாகப் பேசி வார்த்தை விழுங்கப்பட்டதால் அமைதியா, சொன்னது யாரையோ புண்படுத்தியதால் அமைதியா என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, சிரிப்பு வந்த இடத்தில் நிற்காமல் அடுத்த வரியை ஆரம்பித்துவிடுவது. பதிவைக் கேட்டால் அது பளிச்சென்று தெரியும்.

நம்பிக்கை: கூட்டத்தைக் கலாய்க்கத் தெரிந்தால் போதும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வளர்த்துவிட்ட நம்பிக்கை இது. முன்வரிசைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் பதிலிலிருந்து சிரிப்பை உருவாக்கும் ‘க்ரௌட் ஒர்க்’ வீடியோக்கள் ஏன் இவ்வளவு வருகின்றன? எழுதிய ஜோக்கை இணையத்தில் போட்டால் அது செத்த ஜோக். டிக்கெட் வாங்கி வருபவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். அன்றைய கூட்டத்தோடு நடந்த பேச்சைப் போட்டால் எழுதியது பத்திரமாக இருக்கும், விளம்பரமும் ஆகும். அந்த முப்பது விநாடிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் எழுதிய சரக்கு இருக்கிறது என்பது வீடியோவில் தெரியாது.

சரக்கு இல்லாமல் கூட்டத்தில் இறங்குபவர் கடைசியில் எதிரே இருப்பவரின் நிறத்தையும் உடம்பையும் ஊரையும்தான் பிடித்துக்கொள்கிறார். டிக்கெட் வாங்கி வந்த ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தி அவர் எடையைப் பற்றிப் பேசுவது கோழைத்தனம். மைக் ஒருவர் கையில்தான் இருக்கிறது. அந்த அறையில் பலசாலி அவர்தான் என்பதை மைக் பிடிப்பவர் மறக்கவே கூடாது.

கெட்ட வார்த்தைக்கும் இதே பதில்தான். அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பும் கூடவே போனால், அங்கே ஜோக் இருக்கவில்லை.

நம்பிக்கை: இது ஆங்கிலம் பேசுபவர்களின் கலை, நமக்கு இறக்குமதி.

காஃபி ஷாப், ஒற்றை மைக், பின்னால் செங்கல் சுவர் என்ற வடிவம் வெளியிலிருந்து வந்ததுதான். தனியாக நின்று பேசி ஊரைச் சிரிக்க வைப்பது அப்படி வந்தது இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வான். வில்லுப்பாட்டிலிருந்து வந்த என்.எஸ்.கிருஷ்ணன், 1949-ல் வெளியான ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். பக்கவாத்தியத்தோடு பாட்டும் பேச்சுமாக, தாழ்த்தப்பட்ட ஒரு பையன் படித்து முன்னேறும் கதை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாதியைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறார். தென்கச்சி கோ.சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னபோது குரலில் துளி சிரிப்பு இருக்காது, கேட்பவர்கள்தான் சிரித்தார்கள்.

இன்றைய மேடையிலும் இந்தத் தொடர்ச்சி தெரிகிறது. அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்’ சினிமாப் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் பாடிக்கொண்டே பேசும் நிகழ்ச்சி. காலட்சேபம் கேட்டு வளர்ந்த ஊருக்கு அந்த வடிவம் அந்நியமாகப் படவே இல்லை. 2020-ல் அமேசான் பிரைம், தமிழில் புதியவர்களுக்காகவே ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ என்ற போட்டியை நடத்தியது. உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். திருநெல்வேலிக்காரர் சென்னைத் தமிழுக்கு மாற வேண்டியதில்லை.

‘கலக்கப் போவது யாரு’ வகை தொலைக்காட்சி மேடையிலிருந்து ஸ்டாண்ட்-அப் ஒரு விஷயத்தில் வேறுபடும். அங்கே மிமிக்ரியும் பொது ஜோக்கும் செல்லும். இங்கே உங்கள் சொந்த அனுபவமும் பார்வையும்தான் முதல். வாட்ஸ்அப்பில் வந்ததையோ இன்னொருவர் மேடையில் சொன்னதையோ எடுத்துப் பேசினால் அதற்குப் பெயர் திருட்டு.

நம்பிக்கை: வேலையை விட்டுவிட்டு, சின்ன வயதிலேயே குதிக்க வேண்டும்.

வேண்டாம். ஓப்பன் மைக்கில் சம்பளம் கிடையாது. சில இடங்களில் பேசுபவரே கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். சம்பளம் வரும் நாள் வரை உங்களைக் காப்பாற்றப்போவது இன்றைய வேலை. அந்த அலுவலகத்தில்தான் உங்கள் ஜோக்குகளும் கிடக்கின்றன.

வயதும் தடை இல்லை. மேலே சொன்ன ஃபிலிஸ் டில்லர் 1955-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 37, ஐந்து பிள்ளைகளின் தாய். பெண்களுக்கு நகைச்சுவை வராது என்று இன்னும் சொல்லித் திரிபவர்களுக்கும் அவரே பதில். இங்கே பெண்களைத் தடுப்பது இரவு பத்து மணிக்கு முடியும் நிகழ்ச்சியும், வீடு திரும்பும் வழியும்தான். நடத்துபவர்கள் அவர்களுக்கு முதல் ஸ்பாட்டுகளைக் கொடுத்தால் அந்தப் பிரச்சினையில் பாதி தீரும். கொடுக்க வேண்டும்.

ஆரம்பிக்க விரும்புகிறவருக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரில் நடக்கும் அடுத்த ஓப்பன் மைக்குக்குப் பார்வையாளராகப் போங்கள். கடைசிப் பேச்சாளர் முடிக்கும் வரை உட்காருங்கள். யாருடைய பேச்சையும் வீடியோ எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து மூன்று நிமிடத்துக்கு எழுதுங்கள், சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை பெயர் கொடுங்கள். அன்றைக்கு நண்பர்கள் பட்டாளத்தை மட்டும் அழைத்துப் போக வேண்டாம். முன்பின் தெரியாதவர் சிரிக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள்.