அடியார்க்கு இட்ட அமுது



உற்சவ காலத்தில் திவ்ய தேசங்களுக்கு வரும் அன்பர்கள், எம்பெருமானைச் சேவித்துத் தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் பெற்ற பின்னர், ததீயாராதனம் நடக்கும் கூடத்தை நோக்கிச் செல்வது வழக்கம். அங்கே ரஸத்திற்குச் சாற்றமுது என்று பெயர். பாயஸத்திற்குத் திருக்கண்ணமுது என்று பெயர். உண்பதையும் அமுது செய்தல் என்றே நம் பெரியோர் வழங்கினர். இச்சொற்கள் ஏதோ குழூஉக்குறி போலத் தோன்றலாம். ஆனால் இவற்றின் உள்ளே ஒரு பெரிய கருத்து இருக்கிறது.

'ததீயர்' என்றால் அவனுக்கு உரியவர்கள், அதாவது எம்பெருமானின் அடியார்கள். அவர்களுக்குச் செய்யும் ஆராதனமே ததீயாராதனம். பெருமாளுக்குத் துளசி சாற்றியவன், "நான் அவருக்குத் துளசி கொடுத்து உதவினேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை அல்லவா? அடியார்க்கு இலை இடுகிறவனின் நிலையும் அதுவே. இலையின் முன் வந்து அமர்ந்தவர்தாம் அவனுக்கு உபகாரி.

ஆயினும், பிறருக்கு இட்டது ஒரு நாள் நமக்கே திரும்பி வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பொய்யன்று. யார் கையால் வருகிறது, எந்த வடிவில் வருகிறது என்பதையே நாம் ஆராய்ந்து அறிய வேண்டும். இதற்குத் திருமங்கையாழ்வாரின் சரிதத்தினும் சிறந்த பாடம் அடியேனுக்குத் தெரிந்த வரையில் வேறில்லை.

சோழநாட்டுத் திருக்குறையலூரில் பிறந்த நீலர், சோழ மன்னனுக்குத் திறை செலுத்தி ஆலிநாட்டை ஆண்டுவந்தார். திருவெள்ளக்குளத்தில் வளர்ந்த குமுதவல்லி நாச்சியாரை மணக்க விரும்பியபோது, அந்த அம்மையார் இரண்டு நிபந்தனைகளை விதித்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்று வைஷ்ணவராக வேண்டும் என்பது ஒன்று. ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது செய்விக்க வேண்டும் என்பது மற்றொன்று. நீலர் திருநறையூர் நம்பியிடம் ஸம்ஸ்காரம் பெற்றார். அமுது படைக்கவும் தொடங்கினார்.

நாளொன்றுக்கு 1008 இலை என்றால் ஓராண்டுக்கு மூன்றரை லக்ஷத்திற்கும் மேல். சிற்றரசர் ஒருவரின் களஞ்சியம் எத்தனை நாள் தாங்கும்? சோழனுக்குச் செலுத்த வேண்டிய திறையும் அடுப்பிலேயே சென்றது. படை வந்தது, போர் நிகழ்ந்தது, முடிவில் நீலர் சிறைப்பட்டு, கோயிலொன்றில் காவலில் வைக்கப்பட்டார். ஆயிரத்தெட்டு இலைகளுக்கு அமுது படைத்த அந்தக் கைகள் மூன்று நாள் அன்னத்தைத் தொடவில்லை.

இந்த இடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அவர் இல்லத்தில் உண்டு சென்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் ஒருவராவது அரசனிடம் வந்து பரிந்து பேசியதாகச் சரிதத்தில் இல்லை. உலகத்தார் கணக்கின்படி அவர் இட்டது முழுவதும் வீணாயிற்று. அந்த நிலையில் கச்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி, காஞ்சிக்கு வந்தால் பொருள் காட்டுவதாக அருளினான். காவலருடனே சென்ற நீலருக்கு வேகவதியாற்றங்கரையில் புதையல் கிடைத்தது, திறை தீர்ந்தது. செய்தியறிந்த சோழன் திகைத்துத் தன் பிழைக்கு வருந்தினான். அடியார் உண்ட ஒவ்வொரு கவளத்தையும் தான் பட்ட கடனாகவே எழுதி வைத்திருந்தவன் பேரருளாளன். இலையில் அமராத அவன் வந்து கடனைத் தீர்த்தான் என்றே இதற்குப் பெரியோர் பொருள் கொள்வர்.

பின்னர் அப்பொருளும் தீர்ந்தது. நீலர் வழிப்பறியில் இறங்கினார். "பிறர் உடைமையைப் பறித்து அன்னமிடுவது அறமாகுமோ?" என்று கேட்போர் உண்டு. கேட்பது நியாயமே. அதை அறமென்று நிலைநாட்ட முயல்வது வீண் வேலை என்பது அடியேன் எண்ணம். எம்பெருமானும் அத்தொழிலைத் தொடர விடவில்லை. பிராட்டியுடன் மணக்கோலத்தில் அவ்வழியே எழுந்தருளினான். நீலர் ஆபரணங்களையெல்லாம் கவர்ந்தார். கழற்ற வராத திருவடி அணியைப் பல்லால் கடித்து எடுத்தார். ஆனால் கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. "என்ன மந்திரம் செய்தாய்?" என்று வாளை ஓங்கி அதட்டியவரின் செவியில் எம்பெருமான் திருவஷ்டாக்ஷரத்தை உபதேசித்தான்.

இட்டது சோறு, வந்தது திருமந்திரம். மூட்டையோ அசையாமல் கிடந்தது. அவர் கேட்டிருந்தால் பொன்னையே கேட்டிருப்பார். அந்த எட்டெழுத்தைக் கேட்க அவருக்குத் தெரியாது. 1084 பாசுரங்கள் கொண்ட பெரிய திருமொழியின் முதல் பதிகம், அந்தத் திருநாமத்தைக் கண்டுகொண்ட ஆனந்தத்தையே பாடுகிறது. இந்நிகழ்ச்சி இன்றும் திருவாலி திருநகரியில் பங்குனியிலும், திருவரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாளிலும் வேடுபறி உற்சவமாக நடைபெறுகிறது.

திரும்பி வரும் என்று எதிர்பார்த்தே கொடுக்கலாமா என்னும் ஐயத்திற்கு ஸ்ரீராமாயணத்தில் விடை இருக்கிறது. உத்தர காண்டத்தில் திருவடிக்கு, அதாவது அனுமனுக்கு, விடை கொடுக்கும்போது இராமபிரான் ஒரு வியப்பான வார்த்தை அருளுகிறான். நீ செய்த உபகாரம் என்னுள்ளேயே ஜீரணித்துப் போகட்டும் என்பது அதன் கருத்து. காரணமும் அவனே கூறுகிறான்: ஒருவனுக்குப் பிரதியுபகாரம் பயன்படுவது அவன் ஆபத்தில் இருக்கும்போதுதான். ஆகவே கைம்மாறு செய்யக் காத்திருப்பவன், தன்னையறியாமலே உபகாரிக்கு ஆபத்து வருவதை எதிர்பார்த்திருக்கிறான். இதைப் படித்தபின், உதவியவர் ஒருவரிடம் "உங்களுக்கு நான் எப்போது திருப்பிச் செய்வேன்" என்று சொல்லச் சற்றே நா கூசத்தான் செய்கிறது.

திருமங்கை மன்னன் திருவரங்கத்தில் திருமதில் கட்டிய வரலாற்றில் ஒரு சிறு செய்தி உண்டு. மதில் செல்லும் வழியில் தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குத் திருமாலை கட்டும் இடம் குறுக்கிட்டது. அரச பலமும் ஆட்பலமும் உடையவர், நேரே கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அந்த இடம் பழுதுபடாதபடி மதிலை ஒதுக்கிக் கட்டுவித்தார். தொண்டரடிப்பொடியாரிடம் என்ன இருந்தது திருப்பிக் கொடுக்க? நந்தவனமும், குடலையும், பூச்செடிகளுக்கு மண் கொத்தும் கருவியும் இருந்தன. அந்தக் கருவிக்குத் திருமங்கையாரின் பெயர்களுள் ஒன்றாகிய 'அருள்மாரி' என்பதை இட்டு வழங்கினார் என்று பெரியோர் கூறுவர். அன்றுமுதல் அரங்கன் சூடிய மாலைகளின் பூக்கள், அருள்மாரி கொத்திய மண்ணிலே பூத்தவை.