ஓங்கிலைத் துரத்தாமல் படம் எடுப்பது எப்படி?



பினாங்குக் கடலில் டால்பின் இருக்கிறது என்றால் நம் பிள்ளைகளே நம்புவதில்லை. "அதெல்லாம் லங்காவிக்குப் போனாத்தாண்ணே பார்க்கலாம்" என்கிறார்கள். உண்மையில் நம் தீவைச் சுற்றி மூன்று வகை உண்டு. நீண்ட மூக்கும், வயதானால் இளஞ்சிவப்பாகும் தோலும் கொண்ட கூன்முதுகு ஓங்கில் ஒன்று. மூக்கே இல்லாத உருண்டைத் தலையும் சின்னத் துடுப்பும் கொண்ட ஐராவதி ஓங்கில் இன்னொன்று. மூன்றாவது, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி. டால்பினைத் தமிழ்நாட்டு மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். நல்ல சொல், நாமும் பழகிக்கொள்வோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஆறு பேர் தெலுக் பஹாங் படகுத்துறையில் ஒரு பாக்சிக்கின் படகை எடுத்துக்கொண்டு மூக்கா ஹெட் பக்கம் போனோம். 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அந்த முனை. காலை எட்டரை இருக்கும். ஒரு தாயும் குட்டியும் மூச்சு விட மேலே வந்தன. குட்டி நல்ல சாம்பல் நிறம், தாயின் விலாவோடு ஒட்டியே நீந்தியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "வேகமா விடுங்க பாக்சிக், கிட்டப் போங்க!" என்று கத்தினேன். அவரும் விட்டார். இரண்டும் முங்கிவிட்டன. வேறு திசையில் எழுந்தன. மறுபடி துரத்தினோம். மூன்றாம் முறை எழுந்தபோது தாயும் குட்டியும் சேர்ந்து இல்லை. நடுவில் எங்கள் படகு.

பாக்சிக் எஞ்சினை அணைத்துவிட்டார். "ஜாங்ஙான் கெஜார்," என்றார். துரத்தாதே. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேமராவில் 47 படங்கள். எல்லாமே வெறும் தண்ணீர்.

இருபது நிமிடம் சும்மா மிதந்தோம். பிறகு அவை இரண்டும் ஒன்றாகவே, அறுபது மீட்டர் தள்ளி, எங்களைக் கடந்து போயின. அப்போது எடுத்த மூன்று படங்கள்தான் இன்றைய பாடம்.

எல்லோரும் துள்ளும் டால்பினைத்தான் எடுக்க நினைக்கிறோம். அது அழகு, சரி. ஆனால் உபயோகமான படம் முதுகுத் துடுப்பின் படம். துடுப்பின் பின் விளிம்பில் வெட்டுகள், பிளவுகள், வடுக்கள் இருக்கும். வலையில் மாட்டியது, படகு விசிறி பட்டது, சண்டையில் கடிபட்டது என்று காரணம் பல. நம் கைரேகை மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. லங்காவி கடலில் மேர்செட் அமைப்பின் ஆய்வாளர்கள் இந்தத் துடுப்புப் படங்களை வைத்துத்தான் ஓங்கில்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். பாவம், கடற்பன்றிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்குத் துடுப்பே இல்லையே.

எப்படி எடுப்பது? சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையக் கூடாது. படகும் ஆடும், அதுவும் நகரும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றுங்கள், கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை. தொடர் படமுறையில் வையுங்கள். ஓங்கில் உங்களுக்குப் பக்கவாட்டில் போகும்போது எடுங்கள். நேரே வரும்போது எடுத்தால் துடுப்பு ஒரு கோடாகத்தான் தெரியும். முடிந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் வேண்டும். விளிம்பின் வெட்டு இரு பக்கமும் தெரியும், தோலின் கீறல் ஒரு பக்கம்தான் தெரியும். நேரத்தையும் இடத்தையும் அன்றே எழுதிவிடுங்கள், மறுநாளைக்கு மறந்துபோகும்.

கைப்பழக்கத்துக்குச் செம்பருந்து நல்லது. பாட்டி கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அதேதான். தலை வெள்ளை, உடம்பு செம்பழுப்பு. கேமரா உடம்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தலை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். அரைப் படி குறைத்து எடுத்துப் பாருங்கள். பந்தாய் கெராச்சுட்டில் ஆமை முட்டையிட வந்தால் ஃபிளாஷ் கூடவே கூடாது. வெளிச்சத்தைக் கண்டு முட்டையிடாமலேயே திரும்பிவிடக்கூடும்.

எங்கள் குழுவின் விதி: 50 மீட்டருக்குள் நாமாகப் போவதில்லை, குட்டி இருந்தால் அதற்கும் இரு மடங்கு தூரம். படகை அவற்றின் முன்னாலோ நடுவிலோ விடுவதில்லை. அவையாகக் கிட்டே வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்போம்.

இந்த வருடம் பதினாறு வயதுத் தங்கை ஒருத்தி, அப்பாவின் பழைய கேமராவில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தாள். பெரும்பாலும் கலங்கல். ஒன்றில் மட்டும் துடுப்பு தெளிவு. பின் விளிம்பில் இரண்டு வெட்டு, மேலே சின்னது, கீழே பெரியது. என் மூன்று படங்களில் ஒன்றை எடுத்து இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்தோம்.

"அண்ணே, அதேதாண்ணே!" என்றாள்.

அந்தத் தாய்தான். இந்த முறை பக்கத்தில் குட்டி இல்லை. இந்நேரம் வளர்ந்து தனியாக நீந்துகிறதோ, வேறு எதுவோ. அதன் துடுப்பை நான் அன்று ஒழுங்காக எடுத்திருந்தால் தேடிப் பார்த்திருக்கலாம். என்னிடம் இருக்கும் மூன்று படத்திலும் அது தாய்க்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

அடுத்த பயணத்துக்கு வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குத் தெலுக் பஹாங் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், கேமராவைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பை. கைப்பேசி மட்டும் இருந்தாலும் வாருங்கள். குறிப்பு எழுத ஆள் வேண்டும்.