28 மி.மீ. கார்புரேட்டர் இருக்கட்டும், ஆயில் சீலைப் பார்த்தீர்களா?

கேள்வி: அப்பா வாங்கிய 1991 மாடல் யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக ஐடிலில் நிற்பதில்லை. சில நேரம் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் கத்துகிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பலனில்லை. 28 மி.மீ. ஃப்ளாட் ஸ்லைடு கார்புரேட்டர் மாட்டினால் இதுவும் சரியாகும், பிக்கப்பும் ஏறும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? ஊட்டிக்குப் போகும் திட்டமும் இருக்கிறது. அதற்கு ஜெட் மாற்ற வேண்டுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் கோளாறு கார்புரேட்டரில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆக்ஸிலேட்டரை விட்டும் ரேஸ் இறங்கவில்லை என்றால், முதலில் கேபிள் எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், இன்ஜினுக்குள் கள்ளக்காற்று புகுகிறது என்று அர்த்தம். இத்தனை வயதான டூ ஸ்ட்ரோக்கில் அது வரும் வழிகள் இரண்டு. ஒன்று, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டு. கடற்கரை ஊரில் அது வெடித்துக் கிடப்பது சகஜம். வண்டி ஐடிலில் ஓடும்போது அதன் மீது கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடியுங்கள். ரேஸ் மாறினால் அங்கேதான் ஓட்டை. இன்னொன்று, மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல். அது காய்ந்து இறுகியிருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்து எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் வண்டி இப்படித்தான் கத்தும். காற்று கூடி பெட்ரோல் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும். ஆகவே அதைச் சரிசெய்யும்வரை ஈ.சி.ஆரில் முறுக்க வேண்டாம்.

இனி அந்த 28 மி.மீ. விஷயம். உங்கள் வண்டியில் கம்பெனி மாட்டியது 20 மி.மீ. மிகுனி. விட்டம் 20இலிருந்து 28 ஆனால் வாயின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே அளவு காற்று அகன்ற வாய்க்காலில் போகும் தண்ணீர்போல மெதுவாகப் போகும். வேகம் பாதியானால், ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் விசை கால் பங்காகிவிடும். போர்ட்டிங் செய்து, எக்ஸ்பான்ஷன் சைலன்சர் போட்டு, ரேஸ் டிராக்கில் முழு த்ராட்டிலில் ஓட்டுபவருக்கு அது பயன்படும். நேரு வீதி நெரிசலிலும் காமராஜர் சாலை சிக்னலிலும் கால் த்ராட்டிலில் நகரும் 11 குதிரைத்திறன் வண்டிக்கு மூச்சுத் திணறல்தான் மிச்சம். 98 சி.சி. வண்டியின் சுறுசுறுப்பே அந்தச் சின்ன வாயில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பழைய பாடியின் ஸ்லைடு தேய்ந்து ஆடினால் மட்டும், அதே அளவில் புதிதாக ஒரிஜினல் வாங்குங்கள். மிகுனி என்று பொறித்த போலிகள் ஏராளம். ஜெட்டின் மேல் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் துளைக்கும் சம்பந்தமே இருக்காது. (புதுச்சேரிக்காரருக்கு ஒரு தகவல்: இந்த ஜப்பான் கம்பெனி பிரான்சின் சோலெக்ஸ் உரிமத்தில் கார் கார்புரேட்டர்களும் செய்தது.)

ட்யூனிங்கை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே தொடங்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விடுங்கள். அங்கிருந்து இப்படியும் அப்படியும் திருகி, ரேஸ் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். அது அரைச் சுற்றுக்குள் வந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. மூன்று சுற்றைத் தாண்டினால் பெரியது. ஜெட்டில் செம்புக் கம்பி விட்டுக் குத்தும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

நடு த்ராட்டிலில் தடுமாறினால் நீடில் கிளிப்பைப் பாருங்கள். கிளிப்பை ஒரு காடி இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டுக்கு வேலை முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான். அதைச் சோதிக்க, போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் காலாப்பட்டுப் பக்கம் போய், மூன்றாவது கியரில் சிறிது தூரம் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடி இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து. எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கிக் கீழே இறங்குங்கள், தலைகீழாக வேண்டாம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. 1985இல் அறிமுகமான இந்த மாடலின் ஜெட் அளவு இதை எண்ணி வைத்ததல்ல. மெயின் ஜெட்டை ஓரிரு எண் ஏற்றினால் தப்பில்லை. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், வண்டி நாள்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும், பெட்ரோல் மிகுந்து வண்டி கொஞ்சம் மந்தமாகும். அதற்காகச் சின்ன ஜெட் மாற்றினால், இறங்கி வரும்போது மறந்து மேட்டுப்பாளையத்திலேயே பிஸ்டனைப் பறிகொடுப்பீர்கள். மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர் என்றால் இன்னொன்றும் உண்டு: மலை இறக்கத்தில் த்ராட்டிலை மூடி கியரிலேயே உருண்டால் பெட்ரோலோடு ஆயிலும் போகாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள்.