காட்சிக்கு எட்டும் அண்டமும் அதற்கு அப்பாலும்

மேல்வகுப்பு மாணவர் ஆசிரியரிடம் இடையிடையே எழுப்பும் வினாக்களுள் ஒன்று, "அண்டத்துக்கு எல்லை உண்டா? உண்டாயின் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது?" என்பதாகும். இதற்கு இருவகை அவசர விடைகள் நாட்டிலே வழங்குகின்றன. "விஞ்ஞானம் அனைத்தையும் கண்டுபிடித்துவிட்டது" என்பது ஒன்று. "நம் முன்னோர் அனைத்தையும் அன்றே சொல்லிவிட்டனர்" என்பது மற்றொன்று. இரண்டும் மாணவனின் வாயை அடைக்கும் விடைகளேயன்றி அவன் அறிவைத் திறக்கும் விடைகள் அல்ல. இவ்வினாவுக்கு நேரிய விடை யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வானியற் பொருளில் தமிழாசிரியர் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். நம் மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலாநந்த அடிகளார் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டு உழைத்தவர். அவர் வழியில் வந்த நமக்குத் தமிழும் விஞ்ஞானமும் வெவ்வேறு கரைகள் அல்ல. மேலும், இவ்வினாவின் சிக்கலிற் பாதி, 'எல்லை' என்னும் சொல்லிலேயே அடங்கியுள்ளது. சொல்லை விளக்குதல் தமிழாசிரியர் கடனன்றோ?

எல்லை என்றவுடன் வயலின் வரம்பும் வளவின் வேலியும் நினைவுக்கு வருகின்றன. இவை நிலத்தில் உள்ள எல்லைகள். யார் நின்று நோக்கினும் அவை இடம் பெயர்வதில்லை. இவ்வகையன்றி வேறொரு வகை எல்லையும் உண்டு. வாவிக்கு மேற்கே வாழும் நாம் நம் பகுதியைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குகிறோம். வெல்லாவெளி வயல்வெளியில் நிற்பவர்க்கு ஞாயிறு எழுவான்கரையிலே எழுவதாகத் தோன்றும். மண்டூர்த் துறையில் ஓடமேறிக் குருமண்வெளியை அடைந்து நோக்கினால் அங்கும் ஞாயிறு எழும் இடம் அகப்படாது. அது கடலுக்கு அப்பால் விலகியிருக்கும். கடலிற் சென்றாலும் அவ்வாறே. தொடுவானம் நோக்குவோனோடு கூடவே நடக்கின்றது. அது நிலத்தின் எல்லையன்று, பார்வையின் எல்லை. வானியலார் கூறும் அண்ட எல்லையும் இத்தகையதே. ஆதலின், நம் காட்சிக்கு எட்டும் பகுதியைக் 'காட்சியண்டம்' என்றும், முழுமையைப் 'பேரண்டம்' என்றும் இரு சொற்களாற் பிரித்து வழங்குவோமாக.

காட்சிக்கு எல்லை ஏன் ஏற்படுகின்றது? ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆயினும் அவ்வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. சந்திரனின் ஒளி நம்மை அடைய ஒன்றேகால் செக்கனுக்குச் சற்று மேற்படும். ஞாயிற்றின் ஒளிக்கு 8 நிமிடத்துக்குச் சற்று மேற்படும். ஞாயிற்றை அடுத்துள்ள விண்மீனின் ஒளிக்கு 4 ஆண்டுக்கு மேலாகும். தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவில், நம் தென்வானத்தின் அடியில் பெரிய மகெல்லன் முகில் மங்கிய வெண்திட்டாகத் தோன்றும். அதன் ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 1 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அந்திரோமேடா என்னும் உடுமண்டலத்தின் ஒளிக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ஆண்டுகள். எனவே தொலைவை நோக்குதல் பழமையை நோக்குதலாகும். அண்டத்துக்கு ஒரு வயது உண்டெனின், அவ்வயதுக்குள் நம்மை வந்தடையக்கூடிய ஒளியை மாத்திரமே நாம் காண இயலும்.

அவ்வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணிப்பு. உடுமண்டலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதைப் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் ஜோர்ஜ் லெமேத்தர் 1927ஆம் ஆண்டிலும், அமெரிக்க வானியலறிஞர் எட்வின் ஹபிள் 1929ஆம் ஆண்டிலும் எடுத்துக்காட்டினர். இவ்விரிவைப் 'பெருவெடிப்பு' என்று தமிழில் வழங்குகின்றோம். இச்சொல்லும் மயக்கம் தருவதே. வெறுவெளியின் நடுவில் ஒரு பொருள் வெடித்துச் சிதறியது என்று மாணவர் கருதுவர். உண்மையில் வெளியே விரிகின்றது. அதற்கு ஒரு நடுவிடம் இல்லை.

இவ்விரிவினால் ஒரு வியப்பான கணக்குப் பிறக்கின்றது. வயது 1380 கோடி ஆண்டாயின் எல்லையும் 1380 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருத்தல் வேண்டும் எனத் தோன்றும். ஆனால் காட்சியண்டத்தின் ஆரை ஏறக்குறைய 4600 கோடி ஒளியாண்டு என்பர். இழுபடும் இறப்பர் நாடாவில் ஓர் எறும்பு ஊர்வதாகக் கொள்க. எறும்பு நம்மை வந்து சேர்வதற்குள் அது புறப்பட்ட புள்ளி வெகுதூரம் விலகிவிடும். ஒளியின் நிலையும் அதுவே. நாம் பெறும் மிகப் பழைய ஒளி, நம்மிலிருந்து ஏறக்குறைய 4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்தே புறப்பட்டது. வழி நீண்டுகொண்டே போனமையால் அது நம்மை அடைய 1380 கோடி ஆண்டு சென்றது. அது புறப்பட்ட இடமோ இன்று 4500 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது.

அம்மிகப் பழைய ஒளி யாது? தொடக்கத்தில் அண்டம் வெப்பமிகுந்து, ஒளி ஊடுருவ இயலாத மூடுபனி போன்றிருந்தது. ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் அது குளிர்ந்து தெளிந்தது. அன்று விடுபட்ட ஒளி இன்று நுண்ணலையாகி எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றது. அமெரிக்காவில் ஆனோ பென்சியாஸ், ரொபேட் வில்சன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு முற்பட்ட காலத்தை ஒளியாற் காண இயலாது. ஈர்ப்பலைகள் அம்மூடுபனியையும் கடந்துவரக் கூடியன. அவ்வலைகளை உணரும் கருவி 2015ஆம் ஆண்டில் முதன்முறை வெற்றி கண்டது. எனினும் அண்டத்தின் தொடக்கத்திலிருந்து வரும் ஈர்ப்பலை இன்னும் அகப்படவில்லை.

இவ்வாராய்ச்சி முழுவதும் மேல்நாட்டார் செய்தது என எண்ணிவிடலாகாது. தமிழகத்து நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், 1970ஆம் ஆண்டு முதல் ஒரு வானொலித் தொலைநோக்கி இயங்கிவருகின்றது. அதன் நீளம் 530 மீற்றர். அகலம் 30 மீற்றர். அதனை அமைத்தவர் கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞர். அவர் அதற்கெனத் தெரிந்தெடுத்த மலைச்சரிவு நுண்ணறிவுக்கு எடுத்துக்காட்டாகும். அவ்விடம் வட அகலக்கோடு ஏறக்குறைய 11 பாகையில் உள்ளது. மலையின் சரிவும் வடதெற்காக ஏறக்குறைய 11 பாகையே. ஆதலின் சரிவில் நீளக் கிடக்கும் தொலைநோக்கியின் அச்சு, புவியின் அச்சுக்கு இணையாகின்றது. ஒரே அச்சிற் சுழற்றி ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அதனாற் பின்தொடர இயலும். நம் வெல்லாவெளியில் அத்தகையதொன்றை அமைப்பதாயின் ஏழரைப் பாகைச் சரிவு வேண்டும். நம் வயல்வெளியில் அதற்கு மலை இல்லை என்பதே குறை!

அத்தொலைநோக்கி சந்திரனையே அளவுகோலாகக் கொண்டது. தொலைவிலுள்ள ஒரு வானொலி மூலத்தைச் சந்திரன் மறைக்கும்போது அதன் அலை எவ்வாறு குன்றுகின்றது என நோக்கி, அம்மூலத்தின் இடத்தையும் தோற்ற அளவையும் கணித்தனர். மங்கலான மூலங்கள் தோற்றத்திற் சிறுத்திருந்தன. சுவரூப், விஜய் கபாகி ஆகியோர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், முற்காலத்து அண்டம் இக்காலத்து அண்டத்தைப் போன்றதன்று என்னும் முடிபுக்கு வலுவூட்டின. அண்டம் என்றும் ஒருபடித்தாய் இருப்பது என்று 1948ஆம் ஆண்டு முதல் சில அறிஞர் கொண்டிருந்த கொள்கைக்கு அது மாறானது. நீலகிரிச் சரிவில் நின்றும் அண்டத்தின் பழமையை அளக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. விண்ணில் 2021ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, விரிவு தொடங்கி 30 கோடி ஆண்டு நிறையுமுன் ஒளிவிட்ட உடுமண்டலங்களையும் நமக்குக் காட்டியுள்ளது.

இனி அப்பாலுள்ளது யாது என்னும் வினாவுக்கு வருவோம். இங்கே நமக்குக் கைகொடுப்பது நம் அளவை நூல். சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் பொருளை ஆராயுமுன் அளவையை ஆராய்கின்றது. அறிந்தது எது என்பதற்கு முன், எவ்வாறு அறிந்தோம் எனக் கேட்டல் நம் மரபு. காண்டல், கருதல், உரை என்பன தலையாய அளவைகள். புகையைக் காண்பது காண்டல். அதனைக்கொண்டு மலையில் நெருப்புண்டு எனத் துணிவது கருதல். இவ்வளவைகளைக் கொண்டு அப்பாலைப் பற்றிய கூற்றுக்களை வரிசைப்படுத்தலாம்.

காட்சியண்டத்துக்கு உட்பட்டவை காண்டலால் அறிந்தவை. எல்லைக்கு அப்பாலும் அண்டம் தொடர்கின்றது என்பது காண்டலன்று, வலிய கருதல். எத்திசை நோக்கினும் அப்பழைய நுண்ணலையின் வெப்பநிலை இலட்சத்தில் ஒரு பங்கு அளவே வேறுபடுகின்றது. சுவரோ விளிம்போ இருப்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. நம் எல்லையிலுள்ள உடுமண்டலத்தில் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு நாமே எல்லையில் இருப்போம். அவருக்கு மறுபுறத்திலும் அத்துணைத் தொலைவு காட்சி விரியும். வெளியின் வளைவை அளந்தபோதும் அது மிக நுண்ணிய பிழையளவுக்குள் தட்டையாகவே காணப்பட்டது. ஆதலின் பேரண்டம் முடிவற்றதாயிருக்கலாம். முடிவுள்ளதாயின், காட்சியண்டத்தினும் மிகப் பெரிதாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டுள் எது என்பதைத் துணிய இன்றுள்ள சான்று போதாது.

தொடக்கத்தின் மிகச் சிறு கணத்தில் வெளி மிக விரைந்து வீங்கியது என்று அலன் கூத் என்பார் 1981ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். எத்திசையும் ஒத்திருத்தலுக்கும் வெளியின் தட்டையான தன்மைக்கும் அது நல்ல காரணம் காட்டுகின்றது. எனினும் அது கருதலின் பாற்பட்டதே, முற்றத் துணியப்படவில்லை. வேறு விதிகளுக்கு உட்பட்ட வேறு அண்டங்கள் எண்ணிறந்தன உள்ளன என்பதோ, இன்றைக்கு ஊகமே. புகையே காணாதவிடத்து நெருப்பைத் துணிதல் அளவை நூலார்க்கு உடன்பாடன்று.

இவ்விடத்தில் 'உரை' என்னும் அளவையைப் பற்றியும் ஒரு சொல். திருவாசகத்தில் மூன்றாவதாக அமைந்த திருவண்டப்பகுதி, அண்டங்களைக் கோடிக்கணக்காக எண்ணுகின்றது. இதனை எடுத்துக்காட்டி, உடுமண்டலங்களின் தொகையை மணிவாசகர் அளந்துவிட்டார் என மேடைகளிற் பேசுவோர் உளர். அது பாட்டுக்கும் பெருமையன்று, விஞ்ஞானத்துக்கும் பயனன்று. அண்டங்களெல்லாம் நுண்துகளாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்பதே அங்குக் கருதிய பொருள். அடியார் உரை இறைவனைப் பற்றியது. தொலைநோக்கியின் அளவு அண்டத்தைப் பற்றியது. ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்தினால், நாளை அளவு மாறும்போது பாட்டையும் மாற்ற வேண்டி வரும்.

எல்லையைப் பற்றி இறுதியாக அறியத்தக்கது ஒன்றுண்டு. அண்டத்தின் விரிவு நாளுக்குநாள் விரைவுபடுகின்றது என்பது 1998ஆம் ஆண்டில் தெரியவந்தது. இந்நிலை நீடிக்குமாயின், இன்று ஏறக்குறைய 1600 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள உடுமண்டலங்கள் இன்று விடும் ஒளி, எக்காலத்தும் நம்மை வந்தடையாது. அவற்றின் பழைய ஒளியை மாத்திரமே நாம் காண்கிறோம். மிக நெடுங்காலத்தின் பின் வாழ்வோர்க்கு ஏனைய உடுமண்டலங்கள் புலப்படாமலே மறைந்துவிடும். அவர்கள் எத்துணைக் கூரிய அறிவினராயினும், தம் உடுமண்டலமே உலகனைத்தும் எனத் துணிய நேரலாம். அவ்வாறாயின், நமக்கு முன்னரே மறைந்துபோன சான்று எதுவும் இல்லை என்று நாமும் உறுதி கூற இயலுமோ?

ஆகவே ஆசிரியர் வகுப்பில் இவ்வினா எழும்போது, "இதுவரை கண்டது, இதுவரை கருதியது, இதற்குமேல் ஊகம்" என மூன்று கோடுகளைக் கரும்பலகையில் இட்டுக் காட்டுக. அறிந்ததன் அளவை அறிதலும் அறிவே. மாணவன் பிற்காலத்தில் எத்துறையிற் புகினும், வதந்தியையும் செய்தியையும், விருப்பத்தையும் சான்றையும் பிரித்தறிய இப்பழக்கமே அவனுக்கு உதவும்.

விழாக் காணும் இவ்வேளையிற் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. நகரங்களின் விளக்கொளி வானத்தை மறைக்கின்றது. படுவான்கரையின் வயல்வெளிகளிலோ இருண்ட வானம் இன்னும் எஞ்சியுள்ளது. அது விலை கொடுத்துப் பெற இயலாத ஆய்வுகூடம். ஒரு சிறு தொலைநோக்கியும், அதனைக் கையாளப் பழக்கும் ஆசிரியர் ஒருவரும் வாய்ப்பின், மாதம் ஓர் இரவு நம் மாணவர் ஒளியின் பழமையைத் தம் கண்ணாலேயே காண்பர். காண்டல் வாய்த்தபின் கருதல் தானே தொடரும்.