செல்போனும் இரும்புப் பெட்டிதான்



இரும்புப் பெட்டிச் சாவியை நாம் யாரிடமும் விட்டுச் செல்வதில்லை. பல வருடம் பழகிய கணக்குப்பிள்ளையே ஆனாலும் சாவி முதலாளி இடுப்பில்தான் இருக்கும். 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு நமது கல்லாவில் ஒரு பகுதி செல்போனுக்குள் போய்விட்டது. அதன் சாவியாகிய ரகசிய எண்ணோ பொட்டலம் மடிக்கும் பையன் வரை தெரிந்திருக்கிறது. முதலாளி ஊரில் இல்லாத நாளில் லாரி வாடகை அனுப்பச் சொல்லிக் கொடுத்ததுதான். பிறகு அதை மாற்றுவதே இல்லை. குத்தாலம் கடைவீதியில் இதைச் சாதாரணமாகக் காண்கிறோம்.

பையனைக் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் குறைந்தால் முதல் சந்தேகம் அவன் மேல்தான் விழும். அது அவனுக்கும் நல்லதல்ல. வணிகர்களுக்கென உள்ள சில செயலிகளில், வேலையாள் வரவை மட்டும் பார்க்கலாம், பணம் அனுப்ப முடியாது என்ற வசதி இருக்கிறது. கடை வசூலுக்குத் தனிக் கணக்கு வைத்து, சேமிப்புக் கணக்கைக் கடைப் போனில் சேர்க்காமல் இருப்பது இன்னும் நல்லது.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் நடந்ததைக் கவனியுங்கள். சில கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்கிலும் இருந்த க்யூ.ஆர். அட்டைகளின் மேல், இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறொருவர் கணக்கில் சேர்ந்தது. “உங்கள் பெயர் வரவில்லையே” என்று பணம் செலுத்தியவர் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. எனவே இரவில் அட்டையை உள்ளே எடுத்து வையுங்கள். காலையில் சாம்பிராணி போட்டவுடன் நமது இன்னொரு போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைப் பாருங்கள். பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. “பணம் வர எண்ணைப் போடுங்கள்” என்பவன் மோசக்காரன்.

அடுத்தது சிம் கார்டு. வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் துண்டிக்கப்பட்டால், 90 நாட்களுக்குப் பிறகு அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். வங்கியில் இன்னும் அந்த எண்ணே இருந்தால் நமது ஓ.டி.பி. யாருக்குப் போகும்? ஜி.எஸ்.டி. கணக்கிலும் பலர் ஆடிட்டர் ஆபீஸ் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். ஆடிட்டர் மாறினால் நமது கணக்கைத் திறக்க நாமே அலைய வேண்டியதுதான். நமது எல்லைக்குட்பட்ட வரி அலுவலரிடம் உரிய ஆவணம் கொடுத்து மாற்றிக் கொள்ள வழி உண்டு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி மேலும் நம் மேலும் தவறில்லாமல் பணம் போய், அதை 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் இல்லை என்றது. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்; தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்றும் வகுத்தது. பையனிடம் சொன்ன எண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் வங்கி, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. அழைக்கும்போது தொகை, நேரம், பணம் போனதற்கான 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். போனே தொலைந்தால் அதிலுள்ள எண்களும் கூடவே போய்விடும். ஆகவே வங்கியின் புகார் எண்ணையும் 1930-ஐயும் நாள்வழியின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.