சோளத்தைத் தாக்கும் தேமல் நோய்

தக்காணப் பீடபூமியின் மானாவாரி உழவர்க்குச் சோளம் உணவும் கால்நடைத் தீவனமும் தரும் பயிராகும். மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் கரிசல் நிலங்களில், மழைக்காலம் முடிந்தபின் மண்ணில் எஞ்சியுள்ள ஈரத்தைக் கொண்டே ரபி பருவச் சோளம் விளைகிறது. குறைந்த செலவே இப்பயிரின் சிறப்பு. ஆதலின், பயிர்ப் பாதுகாப்பும் சிக்கனமாக அமைதல் வேண்டும்.

இளம் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்த கோடுகள் தோன்றுவது தேமல் நோயின் அறிகுறியாகும். சில இரகங்களில், குளிர் மிகும்போது இலைகள் சிவந்து கருகும். இளம்பருவத்திலேயே நோய் கண்டால் பயிர் குட்டையாகி, தானியமும் தட்டையும் குறையும். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

கரும்புத் தேமல் வைரஸும் அதன் இனத்தைச் சார்ந்த பிற வைரஸ்களும் இந்நோயை உண்டாக்குகின்றன. இவற்றைப் பரப்புவது அசுவினிப் பூச்சியாகும். அசுவினி வழியே கரும்புத் தேமல் பரவுவதை அமெரிக்க அறிஞர் பிராண்டிஸ் 1920-இல் மெய்ப்பித்தார்.

பூச்சிமருந்து தெளித்தால் நோய் நின்றுவிடும் என்று கருதுவது இயல்பே. ஆனால், நோயுற்ற இலையில் வாயுறுப்பைச் செலுத்திய சில விநாடிகளிலேயே அசுவினி வைரஸைப் பெறுகிறது. அடுத்த செடியைச் சுவைத்துப் பார்க்கும்போதே அதனைச் செலுத்தியும் விடுகிறது. மருந்து பூச்சியைக் கொல்லுமுன் நோய் தொற்றிவிடுகிறது. அசுவினியை உண்ணும் பொறிவண்டுகளும் மருந்தால் மடிகின்றன. சிறு உழவர் கடன் பெற்றுச் செய்யும் இச்செலவு விளைச்சலாகத் திரும்புவதில்லை.

எனவே, நோயின் உறைவிடத்தைக் களைவதே தக்க வழியாகும். சோளம் இல்லாத காலத்தில் வைரஸ் வரப்பிலுள்ள ஜான்சன் புல்லிலும், பாசன நிலத்துக் கரும்பிலும் தங்குகிறது. நோயுற்ற கரும்பிலிருந்து வெட்டிய கரணை, நோயைப் புதிய வயலுக்குக் கொண்டு செல்கிறது. ஆகவே, நோயற்ற கரணைகளை நடுதல், ஜான்சன் புல்லை வேருடன் அகற்றுதல், நோயைத் தாங்கும் சோள இரகங்களைத் தேர்ந்தெடுத்தல், சிற்றூர் முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தல் ஆகியவை இன்றியமையாதன.

இவற்றுள் பலவற்றைத் தனி ஒருவர் செய்து பயனில்லை. ஒருவர் களை எடுத்து, அண்டை வயலார் எடுக்காவிடில் அசுவினி எல்லை பார்ப்பதில்லை. கரும்பு பயிரிடுவோர் நல்ல கரணை நட்டால், அதன் நன்மை அடுத்துள்ள மானாவாரி உழவரையும் சேரும். 2023-ஆம் ஆண்டு உலகெங்கும் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதன் நோக்கம் வயலில் நிறைவேற, விரிவாக்கப் பணியாளர்களும் ஊராட்சிகளும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் இம்முயற்சியில் ஒன்றுபடுதல் வேண்டும்.