காபி, பால், சர்க்கரை மூன்றும் வேண்டாம் என்றால் சூடாக என்ன குடிப்பது?

மூன்று வருடங்களுக்கு முன் மருத்துவர் ஒரே நாளில் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். இரவில் தூக்கம் கெடுவதால் காபி, டீ கூடாது. வயிறு உப்பிக்கொள்வதால் பால் கூடாது. ரத்தப் பரிசோதனை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதால் சர்க்கரை கூடாது. நாற்பது வருடமாக விடிந்ததும் டிகாக்‌ஷன் வாசனையில் எழுந்தவனுக்கு, விடிவதில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

முதல் வாரம் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன். அடுத்த வாரம் துளசியைக் கொதிக்கவைத்துக் குடித்தேன். இரண்டிலும் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் மனம் நிறையவில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகும் ஏதோ வரவேண்டியது வரவில்லை என்ற எண்ணமே இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் செய்து குடித்துப் பார்த்தவற்றில், எது யாருக்கு, எந்த வேளைக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் நூல் ஒன்றின் தலைப்பே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்பதுதான். காபி வருவதற்கு முன்பும் நம் ஊரில் சூடாகவும் காரமாகவும் கெட்டியாகவும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவற்றில் பலவற்றுக்குச் சர்க்கரையே தேவைப்படவில்லை. இந்த மூன்று வருடத்தில் நான் கற்றது அதுதான்: இனிப்பான பானத்துக்கு இனிப்பில்லாத நகலைத் தேடினால் ஏமாற்றம் வரும். உப்பையும் உறைப்பையும் கசப்பையும் நம்பிச் செய்த பானத்தைத் தேடினால் வயிறும் மனமும் நிறையும்.

எதை இழந்தீர்கள் என்று முதலில் பாருங்கள்

ஒரு டம்ளர் காபி பல சுகங்களை ஒன்றாகத் தருகிறது. வறுத்த வாசனை, நாக்கின் அடியில் நிற்கும் கசப்பு, பாலின் கெட்டி, இனிப்பு, சூடு, கஃபீன் தரும் விழிப்பு. டீ குடிப்பவர்களுக்கு இவற்றோடு துவர்ப்பும் சேரும். எல்லாவற்றையும் ஒரே மாற்றுப் பானம் தராது. கண்ணை மூடி யோசித்தால், இவற்றில் ஒன்றோ இரண்டோதான் உங்களை இழுக்கின்றன என்பது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டால் தேர்வு எளிது.

விழிப்பை மட்டும் கீழே சொல்லும் எதுவும் தராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. அதே அளவு டீயில் 30 முதல் 65 மில்லிகிராம். தினமும் மூன்று நான்கு டம்ளர் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கலாம். இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்வரை நீளலாம். அந்த வாரத்தில் எதைக் குடித்தாலும் பிடிக்காது. மாற்றுப் பானத்தின் மீது பழி போடாமல், படிப்படியாகக் குறைப்பதே நல்லது. அதற்கு வழி சிக்கரியிலேயே இருக்கிறது.

கசப்பும் வறுத்த வாசனையும்: சிக்கரி, பார்லி

ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேர். அதைக் காயவைத்து, வறுத்து, பொடித்தால் காபியின் நிறமும் கசப்பும் வருகின்றன, கஃபீன் மட்டும் கிடையாது. நெப்போலியன் காலத்துக் கடல்வழி வணிகத் தடையில் காபிக்கொட்டை கிடைக்காதபோது பிரான்ஸ் இதை நம்பித்தான் பிழைத்தது. காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைகளில் தனிச் சிக்கரித்தூள் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

காபித்தூளையும் சிக்கரியையும் தனித்தனியாக வாங்கி வீட்டில் கலந்துகொள்ளுங்கள். முதல் வாரம் காபி முக்கால் பங்கு, சிக்கரி கால் பங்கு. அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரம் காபி கால் பங்கு. நான்காம் வாரம் சிக்கரி மட்டும். அதே டபரா, அதே வாசனை என்பதால் காலைப் பழக்கம் அறுபடாமல் கஃபீன் மட்டும் விலகும்.

தனிச் சிக்கரியை ஃபில்டரில் போட்டால் ஊறி அடைத்துக்கொள்ளும். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுவதே சரி. இறக்கிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால், பால் காபிக்கு மிக அருகில் வருவது இதுதான். தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். சிக்கரிக்கென்று ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. சர்க்கரையை விட்ட நாக்குக்கு இரண்டு வாரத்தில் அது தெரியத் தொடங்கும். அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வாயுவை உண்டாக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளரில் தொடங்குங்கள்.

கசப்பு அவ்வளவு வேண்டாம், வறுத்த வாசனை போதும் என்பவர்களுக்கு பார்லி. ஜப்பானிலும் கொரியாவிலும் வறுத்த பார்லித் தண்ணீர் அன்றாடப் பானம். இத்தாலியில் வறுத்த பார்லியையே காபிபோல் வடித்துக் குடிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பார்லி அரிசியை இரும்பு வாணலியில் மிதமான தீயில் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு மேசைக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். எரிச்சல் தராத, தணிந்த சுவை. நெஞ்செரிச்சலுக்காகக் காபியை விட்டவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது. கோதுமைபோல் இதிலும் குளூட்டன் உண்டு. அது ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

காரமும் மணமும்: சுக்குமல்லி, ஆவாரம்பூ

பெயரில் காபி இருந்தாலும் சுக்குமல்லி காபியில் காபி கிடையாது. ஆனால் மாலையில் சைக்கிளில் வைத்து விற்பவர்களிடம் வாங்கினால் கருப்பட்டி இருக்கும், சில வீடுகளில் கொஞ்சம் காபித்தூளும் சேர்ப்பார்கள். கருப்பட்டி, வெல்லம், தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுபவைதான். ‘நாட்டு’ என்ற சொல்லை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள்.

கருப்பட்டியை மட்டும் நீக்கிவிட்டு அதே பொடியைக் குடித்தால் தொண்டை எரியும். சுக்கின் காரத்தை அடக்கிவைத்திருந்தது அந்த இனிப்புதான். ஆகவே அளவையே மாற்ற வேண்டும். 100 கிராம் கொத்தமல்லி விதையை நன்றாகச் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். சுக்கு 15 கிராம் போதும், அதைத் தட்டிப் போடுங்கள். மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு. ஒன்றிரண்டாகப் பொடித்து, 200 மில்லி தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவையுங்கள். மல்லியை எவ்வளவு சிவக்க வறுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு இனிப்பின் குறை தெரியாது.

டீயின் துவர்ப்பைத் தேடுபவர்களுக்கு ஆவாரம்பூ. காய்ந்த பூ ஒரு தேக்கரண்டியை நான்கு நிமிடம் கொதிக்கவைத்தால் பொன்னிறமும் லேசான துவர்ப்பும் கிடைக்கும். இலங்கையில் இதே பூவை ரணவரா என்ற பெயரில் குடிக்கிறார்கள், வில்வம்பூவை பெலிமல் என்று குடிக்கிறார்கள். அங்கே கருப்பட்டித் துண்டைத் தனியே கடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் பானம் இனிப்பில்லாமலேயே இருக்கும். கடித்துக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

செம்பருத்தியும் எலுமிச்சையும் பார்க்க அழகு. ஆனால் புளிப்பு எப்போதும் இனிப்பைக் கேட்கும். என் முதல் வாரம் தோற்றதற்கு அதுதான் காரணம். சர்க்கரையை விட்ட புதிதில் புளிப்பான பானங்களைத் தள்ளிவைக்கச் சொல்வேன். துளசி, புதினா, சீரகத் தண்ணீர் எல்லாம் நல்லவை. அவை தாகத்துக்குப் போதும், காபியின் இடத்தை நிரப்பாது.

கெட்டியாக வேண்டும் என்றால்: கஞ்சி

பால் தந்த கெட்டியைத்தான் பலர் உண்மையில் தேடுகிறார்கள். அதற்குக் கேழ்வரகுக் கஞ்சியை மிஞ்ச ஒன்றில்லை. இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறி, மாவு வாசனை போனதும் உப்புப் போட்டு இறக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் தூவிக் குடியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பதால், பாலை விட்டவர்களுக்கு இது கூடுதல் பலன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 20 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 13 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு தேக்கரண்டி சர்க்கரையில் இருப்பது சுமார் 8 கிராம்தான். இனிக்கவில்லை என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று நினைக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் கஞ்சியைப் பானமாகக் கணக்கிடாமல், காலை உணவின் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக்கஞ்சி, நாள் முழுதும் காய்ந்த வயிற்றுக்குச் சூடும் உப்பும் கெட்டியும் எவ்வளவு நிறைவு தரும் என்பதற்குச் சாட்சி. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த அந்தக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சினால் டம்ளரில் குடிக்கலாம்.

உப்பும் உறைப்பும்: என் முதல் தேர்வு

மாலை நான்கு மணிக்கு வீட்டில் எல்லோரும் காபி குடிக்கும்போது நான் மட்டும் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் மிஞ்சிய தெளிவு ரசத்தைச் சுடவைத்து அம்மா கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று மாதத்தில் முதல்முறையாக டம்ளரைக் கீழே வைக்கும்போது மனம் நிறைந்திருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளியில் குளூட்டமேட் அதிகம். உப்போடு சேரும்போது அது வாயை நிறைக்கும் சுவையாகிறது. மிளகு தொண்டையில் சூட்டை நிறுத்திவைக்கிறது. இனிப்பு இல்லை என்ற எண்ணமே எழாது, ஏனென்றால் ரசத்தில் நாம் என்றைக்கும் இனிப்பைத் தேடியதில்லை.

குடிக்கும் ரசத்தில் புளியைக் குறைக்க வேண்டும். ஒரு பழுத்த தக்காளியை மசித்து, 300 மில்லி தண்ணீர் விட்டு, மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம் பொடித்து, இரண்டு பல் பூண்டு தட்டி, மஞ்சளும் கொஞ்சம் உப்பும் சேருங்கள். நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் மணம் போய்விடும். தாளிக்க நெய் வேண்டாம், அது பாலிலிருந்து வருவது. சில சொட்டு நல்லெண்ணெய் போதும். இரண்டு டம்ளர் கிடைக்கும்.

இதே வழியில் போனால் கொங்குநாட்டுக் கொள்ளு ரசம், முருங்கைக்கீரைச் சூப், அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுக்கால் சூப் என்று வரிசை நீளும். கொல்லிமலைக்குப் போனால் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். பாறைகளில் வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. சைவம்தான், ஆனால் ஆட்டுக்கால் சூப்பின் சுவை.

கவனம் உப்பில். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டிதான். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்கி மிளகையும் பூண்டையும் கூட்டலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ரசத்தை விட்டுக் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் சீரகம் தட்டிப் போட்டுக் குடிக்கலாம்.

கடையில் வாங்கும்போது

கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு, கோகோவிலும் உண்டு. கஃபீன் நீக்கிய காபியிலும் சில மில்லிகிராம் மிஞ்சும். மூலிகை டீ என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் தேயிலையும் கலந்திருக்கும். சத்துமாவு, மால்ட் பானங்களில் சர்க்கரையும் பால்பவுடரும் இருக்கும். பாதாம் பால், சோயா பால் பாக்கெட்டுகளில் சர்க்கரை சேர்த்தவை உண்டு. ஓட்ஸ் பாலில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும், தயாரிக்கும்போதே அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொருள்பட்டியலைப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவின் ரூயிபோஸில் கஃபீன் இல்லை, நிறமும் டீயை ஒத்திருக்கும், விலைதான் அதிகம்.

இனிப்புக்காகப் பலர் சேர்க்கும் அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். நீரிழிவு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மூலிகையையும் தினப்பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். எதையுமே கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

எந்த வேளைக்கு எது

காலையில் எழுந்ததும்: தேங்காய்ப்பால் சேர்த்த சிக்கரி. நெஞ்செரிச்சல் இருந்தால் பார்லி.

பசி எடுக்கும் பதினொரு மணிக்கு: கேழ்வரகுக் கஞ்சி. நீரிழிவு இருந்தால் கொள்ளு ரசம்.

மாலை நான்கு மணிக்கு: தெளிவு ரசம் அல்லது முருங்கைக்கீரைச் சூப்.

மழை நாளிலும் சளிப் பிடித்தபோதும்: சுக்குமல்லி.

இரவு: ஆவாரம்பூ அல்லது வறுத்த பார்லி.

ஒன்றே ஒன்று சொல் என்றால் ரசத்தைச் சொல்வேன். வாங்க வேண்டியது எதுவும் இல்லை, பழக வேண்டியதும் இல்லை. சாதத்தில் ஊற்றியதை டம்ளரில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உறவினர் வீட்டுக்குப் போனால், ‘காபியா, டீயா?’ என்று கேட்கும்போது நான் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் மனம் வாடும். ‘ரசம் இருந்தா ஒரு டம்ளர் சூடாக் குடுங்க’ என்கிறேன். ரசம் இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.